போனிலும் கம்ப்யூட்டர் மாதிரியே தெரியணும் என்று கேட்டவள் நான்தான்

கோத்தகிரியில் தேயிலை விற்கிறேன். கடை என்றதும் ஜான்ஸ்டன் கடைவீதிப் பக்கம் போர்டைத் தேட வேண்டாம். வீட்டு முன்னறையில் ஒரு தராசு, கவர் ஒட்டுகிற ஒரு மெஷின், இரண்டு இரும்பு ரேக், அவ்வளவுதான். மிச்சமெல்லாம் இணையத்தில். சைட் கட்டுகிற வேர்ட்பிரஸில், கடை நடத்துவதற்கான வூகாமர்ஸ் போட்டு, தோற்றத்துக்குக் காசு கொடுத்து வாங்கிய ஒரு தீமில் நான்கு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. சி.டி.சி., ஆர்த்தடாக்ஸ், கிரீன் டீ, குளிர்காலத்தில் ஃப்ராஸ்ட் டீ, கூடவே கொஞ்சம் நீலகிரித் தைலம். ஒரு நாளைக்கு எட்டு ஆர்டர் வந்தால் சாயங்காலம் ஸ்கூட்டியில் இரண்டு பையை மாட்டிக்கொண்டு போஸ்ட் ஆபீஸ் போவேன். 2023 நவம்பரில் அந்த எட்டு மூன்றானது. ஜனவரிக் கடைசி வரை மூன்றாகவே இருந்தது. காரணம், நானே கேட்டு, நானே காசு கொடுத்து, நானே ‘சூப்பரா இருக்கு தம்பி’ என்று பாராட்டி வாங்கிக்கொண்ட ஒரு வேலை. திரைக்குத் தக்கபடி பக்கத்தை மாற்றிக் காட்டுகிற ரெஸ்பான்சிவ் வசதியைத் தீமில் எப்படி நிறுத்துவது என்று தேடினால் பத்துப் பேர் சொல்லித்தருகிறார்கள். நிறுத்திய பிறகு கடைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தமிழில் ஒருவரும் சொல்லவில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

ஆரம்பம் ஒரு விலைப்பட்டியல். ஏழு வகைத் தேயிலை கீழே கீழே, 100 கிராம், 250, 500, ஒரு கிலோ என்று மேலே நான்கு தலைப்பு. கம்ப்யூட்டரில் பார்த்தால் கணக்கு நோட்டு மாதிரி அழகாக இருக்கும். போனில் திரை அகலம் போதாதே, தீம் அந்தப் பட்டியலை மடித்துவிடும். மடிக்கும்போது தலைப்பு வரிசை காணாமல் போய்விடும். ‘ஆர்த்தடாக்ஸ்’ என்று ஒரு வரி, அதற்குக் கீழே 90, 210, 400, 760 என்று நான்கு எண்கள், எது எந்த எடைக்கு என்று ஒரு அடையாளமும் இல்லாமல். காரைக்குடியிலிருந்து ஒருவர் 400 ரூபாய் ஜிபே பண்ணிவிட்டு ஒரு கிலோவுக்குக் காத்திருந்தார். அரைக் கிலோ போனதும் போன் வந்தது. ‘மலைக்காரங்கன்னு நம்பித்தானம்மா வாங்கறோம்’ என்று அவர் சொன்னது சுருக்கென்று தைத்தது. இன்னொரு அரைக் கிலோவை என் செலவில் அனுப்பி வைத்தேன். அந்த மாதத்திலேயே இப்படி மூன்று பேர்.

எங்கள் ஊரிலேயே சைட் பண்ணித்தருகிற ஒரு தம்பி இருக்கிறார். கூப்பிட்டேன். ‘தம்பி, போன்லயும் கம்ப்யூட்டர்ல தெரியற மாதிரியே தெரியணும். இந்த மடங்கற வேலையே வேண்டாம், எடுத்து விட்டுருங்க’ என்றேன். அவர் உடனே தலையாட்டவில்லை. அதை நான் சொல்லியாக வேண்டும். ‘அக்கா, அதுதாங்க ரெஸ்பான்சிவ். அதை எடுத்தா அந்தப் பட்டியல் மட்டும் இல்லீங்க, எல்லாப் பக்கமும் மாறிரும். இப்ப யாரும் அப்படி வைக்கறதில்லீங்க’ என்றார். ‘என் கடைக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா?’ என்று கேட்டேன். அப்புறம் அவர் ஒன்றும் பேசவில்லை. 5,500 ரூபாய் பேசி, இரண்டு நாளில் முடித்துக் கொடுத்தார்.

அவர் என்னென்ன செய்திருந்தார் என்பது எனக்கு ரொம்பப் பிறகுதான் தெரியும். ஆனால் இங்கேயே சொல்லிவிட்டால் பின்னால் வருவது புரியும். ஒரு பக்கம் போனுக்குத் தக்கபடி சுருங்குவதற்கு இரண்டு விஷயம் சேர்ந்து வேலை செய்கிறது. முதலாவது வியூபோர்ட் என்று, எல்லாப் பக்கத்தின் தொடக்கத்திலும் சேருகிற தலைப்பு ஃபைலில் இருக்கும் ஒற்றை வரி. ‘இந்தப் பக்கத்தின் அகலம் என்பது உன் திரையின் அகலம்தான்’ என்று பிரவுசருக்குச் சொல்கிற வரி அது. 2007-ல் ஐபோன் வந்தபோது ஆப்பிள் கொண்டுவந்தது, பிறகு எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது மீடியா க்வெரி. திரை இத்தனை பிக்சலுக்குக் கீழே போனால் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற இரண்டு பத்தியை ஒன்றாக்கு, மெனுவை மூன்று கோட்டுக்குள் மடி என்கிற விதிகள். இப்படித் திரைக்குத் தக்கபடி மாறுகிற வடிவமைப்புக்கு ரெஸ்பான்சிவ் டிசைன் என்று 2010-ல் பெயர் வைத்தவர் ஈதன் மார்காட் என்ற வெப் டிசைனர். தம்பி வியூபோர்ட் வரியில் திரை அகலம் என்று இருந்த இடத்தில் 1170 என்று எண்ணைப் போட்டார். மீடியா க்வெரிகளைத் தீமின் ஸ்டைல் ஃபைலிலிருந்தே வெட்டி எடுத்தார். பக்கத்தின் அகலம் 1170, படம் இடது பாதி, விலையும் பட்டனும் வலது பாதி என்று மாறாத அளவுகளை, தோற்றத்துக்கான விதிகளை நாமே சேர்க்க வேர்ட்பிரஸில் இருக்கும் ‘கூடுதல் சிஎஸ்எஸ்’ பெட்டியில் எழுதினார். மூன்று கோடு மெனுவை மறைத்துவிட்டு, மவுஸை மேலே கொண்டுபோனால் விரிகிற மெனுவைப் போனுக்கும் வைத்தார். போனில் ஏது மவுஸ்? இதை அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

என் போனில் திறந்து பார்த்தேன். பட்டியல் முழுசாக, தலைப்போடு, கம்ப்யூட்டரில் இருப்பது போலவே இருந்தது. எழுத்து சின்னதுதான், இரண்டு விரலால் விரித்தால் தெரிகிறது. எது எங்கே இருக்கிறது என்று எனக்குத்தான் மனப்பாடமாயிற்றே. ஒரே குறை, விரல் பட்டால் பக்கம் அங்கும் இங்கும் ஆடியது. அதையும் அவரிடம் சொன்னேன். ‘ஆடாம நிக்க வச்சிடறேங்க்கா’ என்று வியூபோர்ட் வரியில் இன்னொரு வார்த்தையைச் சேர்த்தார். பயனர் பெரிதாக்கக் கூடாது என்று பூட்டுப் போடுகிற வார்த்தை. அதற்குப் பிறகும் என் போனில் விரித்தால் விரிந்தது, அதனால் இப்படி ஒரு பூட்டு விழுந்ததே எனக்குத் தெரியவில்லை. என்னுடையது, என் சொந்தத் தம்பி வேறு போன் வாங்கியபோது கொடுத்துவிட்டுப் போன பழைய ஐபோன். இந்த ஒரு விவரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் எங்களுக்கு முக்கியமான மாதம். ராத்திரிப் பனியில் செடி வளர்ச்சி மெதுவாகி, அப்போது எடுக்கிற கொழுந்தில் செய்யும் தேயிலைக்குத் தனி மணம் உண்டு. ஃப்ராஸ்ட் டீ என்று அதற்காகவே காத்திருந்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பனி அளவு மீறினால் கொழுந்து கருகிவிடும், அது தோட்டக்காரர்களின் கவலை. நான் ஒரு சின்ன ஃபேக்டரியில் சொல்லி வைத்து, கிலோ 550 ரூபாய் என்று 60 கிலோ எடுத்தேன். இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் விளம்பரத்துக்கு 18,000 ரூபாய் போட்டேன். ஆட்கள் வந்தார்கள். ஒரு நாளைக்கு நானூறு, ஐந்நூறு பேர் பக்கத்துக்கு வந்ததாகக் கணக்குக் காட்டியது. ஆர்டர் மட்டும் இரண்டு, மூன்று. விலை அதிகமோ என்று பத்து சதவீதம் குறைத்தேன். படம் சரியில்லையோ என்று காலை ஆறரை மணிக்குப் பனி படர்ந்த புல்மேல் கப்பை வைத்துக் கை விறைக்க விறைக்கப் படம் எடுத்தேன். தபால் செலவு போட்டதால் ஓடுகிறார்களோ என்று 500 ரூபாய்க்கு மேல் தபால் இலவசம் என்று போட்டேன். ஒன்றும் நகரவில்லை. ராத்திரி தூக்கம் வராமல், பக்கத்து ஊர்க் கடைகளின் விலையை எழுதி எழுதிப் பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டுக்காரர் ஒருநாள் ‘வேணும்னா ஸ்கூல் வேலைக்கே திரும்பிப் போயிடேன்’ என்றார். அக்கறையில் சொன்னதுதான். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அறிகுறி ஒன்று கண் முன்னாலேயே இருந்தது. அந்த இரண்டு மாதத்தில் வாட்ஸ்அப்பில் ஆர்டர் கூடியிருந்தது. ‘மேடம், அட்ரஸ் அனுப்பறேன், நீங்களே போட்டுடுங்க’, ‘சிஸ்டர், சைட் ஓப்பன் ஆகுது, ஆனா முடியல’, ‘ஜிபே நம்பர் குடுங்க’. நான் இதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டேன். நம்மோடு நேராகப் பேசித்தான் வாங்கப் பிடிக்கிறது போல என்று வீட்டில் பெருமையாகச் சொன்னதும் உண்டு. கடைக்குள் வர வழியில்லாமல் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டவர்கள் அவர்கள். உங்களுக்கும் திடீரென்று சைட்டில் குறைந்து வாட்ஸ்அப்பில் கூடினால், சந்தோஷப்படும் முன் அவர்களில் ஒருவரிடம் ‘எந்த இடத்துல நின்னுச்சு, ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்களேன்’ என்று கேட்டுவிடுங்கள். நான் கேட்டிருந்தால் டிசம்பர் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும்.

பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போனேன். தாத்தா காலத்தில், 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம் எங்களுடையது. அம்மா அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயில் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். திருச்சியில் இருக்கிற சின்னம்மா மகளுக்குத் தேயிலை அனுப்ப வேண்டும் என்றார். ‘நான் அனுப்பிடறேன்மா’ என்றேன். ‘வேணாம், நானே போன்ல போடுறேன். நீ கடை வச்சிருக்கன்னு நாலு பேருகிட்ட சொல்றேன், நான் ஒருநாள்கூட வாங்குனதில்ல’ என்றார். திண்ணையில் வெயில் விழுகிற பக்கமாக உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவருடைய ஆண்ட்ராய்டு போனில் என் கடையைத் திறந்தார். நான் பக்கத்தில் கரும்பு கடித்துக்கொண்டிருந்தேன். போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார், தள்ளி வைத்தார், மறுபடி கிட்டே. ‘என்ன பாப்பா, ராகியைக் கொட்டிவிட்ட மாதிரி எழுதி வச்சிருக்க?’ என்றார். ‘ரெண்டு விரலை வச்சு விரிங்கம்மா’ என்றேன். விரித்தார். ஒன்றும் ஆகவில்லை. முப்பது வருஷம் கொழுந்து கிள்ளி நுனி தடித்துப்போன விரல்கள். விரலில்தான் கோளாறு என்று நினைத்து, புடவையில் துடைத்துவிட்டு மறுபடி விரித்தார். பிறகு எழுத்தைப் பார்க்காமல் நிறத்தைப் பார்த்துப் பச்சைப் பட்டனை அழுத்தப் போனார். பட்டன் கடுகு அளவு. பக்கத்தில் இருந்த தைலத்தின் படம் அழுந்தி வேறு பக்கம் திறந்தது. திரும்பி வந்து இன்னொரு முறை. மூன்றாவது தடவை போனை என் மடியில் வைத்துவிட்டு, ‘நீயே அனுப்பிடு பாப்பா, எனக்கு இதெல்லாம் பிடிபடல’ என்றார். இரண்டு மாதமாக எத்தனை பேர் இதே வார்த்தையை என்னிடம் சொல்லாமல் போயிருப்பார்கள் என்று அப்போதுதான் வயிற்றைப் பிசைந்தது.

கணக்குப் போட்டால் எளிது. அம்மாவின் போனில் பக்கம் எடுத்துக்கொள்ளும் திரை அகலம் 360 பிக்சல். 1170-ஐ அதற்குள் அடக்கினால் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கும். 14 பிக்சல் எழுத்து கண்ணுக்கு நான்கு சொச்சம்தான். அதற்கு மேல் அந்தப் பூட்டு. ஆண்ட்ராய்டு குரோம் அந்தப் பூட்டை மதிக்கும். குரோமின் அணுகல்தன்மை அமைப்பில் போய் மாற்றினால் ஒழிய விரிக்க முடியாது. ஐபோன் சஃபாரியோ 2016-ல் வந்த ஐஓஎஸ் 10-லிருந்து அந்த வார்த்தையைக் கண்டுகொள்வதே இல்லை. கண் சரியாகத் தெரியாதவர்கள் கஷ்டப்படக் கூடாது என்று அப்படி வைத்தார்கள். ஆக, என் பழைய ஐபோனில் மட்டும் எல்லாம் சரி. என் கடையில் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது அம்மாவிடம் இருப்பது போன்ற போன். உங்கள் கடையை உங்கள் போனில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வீட்டில் இருப்பதிலேயே பழைய, மலிவான ஆண்ட்ராய்டு போனை, உங்கள் கடையை இதுவரை பார்க்காத ஒருவர் கையில் கொடுத்து, ‘ஒரு கால் கிலோ ஆர்டர் போடுங்க’ என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். வாயை மூடுவதுதான் கஷ்டம்.

அன்று ராத்திரியே சரி செய்துவிட வேண்டும் என்று ஒரு வெறி. தம்பிக்குப் போன் போட்டேன், பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தார். தீமுக்கு அப்டேட் வந்து கிடப்பது கண்ணில் பட்டது. அப்டேட் பண்ணினால் பழையபடி ஆகிவிடும் என்று அழுத்தினேன். பேக்கப் எடுக்கவில்லை. பாதி சரியானது, அதுதான் வினை. தம்பி தீமின் சொந்த ஃபைல்களிலேயே கை வைத்திருந்ததால், அப்டேட் அவற்றையெல்லாம் புதிதாக்கிவிட்டது. வியூபோர்ட் வரி பழையபடி வந்தது, பூட்டும் போனது. ஆனால் கூடுதல் சிஎஸ்எஸ் பெட்டியில் எழுதியது தீம் ஃபைலில் இருப்பதில்லை, டேட்டாபேஸில் இருக்கும், அப்டேட் அதைத் தொடாது. அதனால் பிரவுசர் இப்போது 360 அகலத்தில் பெரிய எழுத்தாகக் காட்டியது, பக்கமோ 1170-ல் அசையாமல் நின்றது. போனில் திறந்தால் தேயிலைப் படத்தின் பாதி மட்டும். விலை இல்லை, பட்டன் இல்லை, மெனுவும் வலது கோடியில் திரைக்கு வெளியே. பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே போனால்தான் எல்லாம். முன்பாவது சின்னதாக எல்லாம் தெரிந்தது. நான்கு நாள் அப்படியே கிடந்தது. அந்த நான்கு நாளில் சைட்டில் வந்த ஆர்டர் மொத்தம் இரண்டு, இரண்டும் கம்ப்யூட்டரிலிருந்து. தீமில் எதை மாற்றினாலும், அப்டேட் தொடாத சைல்டு தீம் என்று தனியாக ஒன்றை வைத்து அதில் மாற்றச் சொல்லுங்கள். என்ன மாற்றினார், எந்த ஃபைலில், எந்தப் பெட்டியில் என்று ஒரு பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காசு கொடுக்கும் முன்னால் வாங்குங்கள்.

அந்த நான்கு நாளில்தான், சைட்டுக்கு வருகிறவர்களின் கணக்கைக் காட்டும் கூகுள் அனலிட்டிக்ஸை ஒழுங்காகப் பார்க்கக் கற்றேன். அதுவரை மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்ப்பேன். கருவி வாரியாகப் பிரித்துப் பார்த்ததும் கதை முழுக்க அங்கே இருந்தது. வருகிற நூறு பேரில் 86 பேர் போன். அக்டோபரில் போனில் வந்த நூறு பேரில் ஏழு பேர் கூடையில் போட்டிருக்கிறார்கள், டிசம்பரில் ஒருவர். கம்ப்யூட்டரில் அக்டோபரிலும் ஆறு, டிசம்பரிலும் ஆறு. விலை காரணமாக இருந்தால் இரண்டிலும் விழுந்திருக்க வேண்டும். தலையில் அடித்துக்கொண்டேன். கூகுள் எச்சரித்திருக்குமே என்று, தேடலில் நம் சைட் எப்படி இருக்கிறது என்று சொல்லும் அவர்களுடைய சர்ச் கன்சோலிலும் தேடினேன். மொபைலில் பக்கம் சரியில்லை என்று சொல்கிற அறிக்கை ஒன்று அதில் முன்பு இருந்தது, 2023 டிசம்பரில் அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் கூகுள் பக்கங்களைப் போன் கண்ணால்தான் பார்த்து வரிசையில் சேர்க்கிறது. போனுக்கு ஏற்ற பக்கமா என்பதைப் போனில் தேடும்போது கணக்கில் எடுப்பதை 2015 ஏப்ரலிலேயே தொடங்கிவிட்டார்கள். தேடி வருகிறவர்கள் எனக்கு எத்தனை பேர் குறைந்தார்கள் என்று தனியாகப் பிரிக்க முடியவில்லை, விளம்பரம் எல்லாவற்றையும் குழப்பிவிட்டது.

கடைசியில் கோயம்புத்தூரில் ஒருவரைப் பிடித்தேன். 8,000 ரூபாய். முதலில் கூடுதல் சிஎஸ்எஸ்ஸில் இருந்த நூற்றுச் சொச்சம் வரியை ஒரு ஃபைலில் காப்பி எடுத்து வைத்துவிட்டு, பெட்டியைக் காலி செய்யச் சொன்னார். செய்தேன். அம்மா போனில் திறக்கச் சொன்னேன், அதே பாதிப் படம். அழுகையே வந்துவிட்டது. ‘கேஷ் கிளியர் பண்ணீங்களா மேடம்?’ என்றார். பக்கங்களின் நகலைச் சேமித்து வைத்துக் கொடுப்பதற்காகச் சைட்டில் போட்டிருந்த கேஷ் ப்ளக்இன் பழைய பக்கத்தையே எடுத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதைக் காலி செய்து, போனில் மறைநிலைத் தாவலில் திறந்ததும் பழையபடி வந்தது, மூன்று கோடு மெனுவோடு. பிறகு அவர் ஆர்டரை முடிக்கிற செக்அவுட் பக்கத்தில் முகவரி எழுதும் கட்டங்களின் எழுத்தை 16 பிக்சலுக்கு ஏற்றினார். அதற்குக் கீழே இருந்தால் ஐபோனில் கட்டத்தைத் தொட்டதும் பக்கம் தானாகப் பெரிதாகிவிடுமாம். நான் ‘ஆடுது’ என்று சொன்னதில் பாதி அதுதான்.

அப்புறம் அந்தப் பட்டியல். எல்லாவற்றுக்கும் மூலகாரணம். ‘இதுக்கு என்ன பண்றது?’ என்று தயங்கிக் கேட்டேன். பட்டியலை மடிக்காமல் விட்டு, அதைச் சுற்றி ஒரு பெட்டி போட்டு, அந்தப் பெட்டி மட்டும் பக்கவாட்டில் நகருகிற மாதிரி செய்தார். தேயிலைப் பெயர் இருக்கும் முதல் பத்தி நகராமல் ஒட்டிக்கொண்டு நிற்கும், விலைகள் மட்டும் தலைப்போடு விரலுக்கு வரும். ஐந்தாறு வரி. டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டார். வாங்குகிற பக்கத்தில் எடையைத் தனித்தனிப் பட்டனாக்கி, அழுத்தினால் அந்த எடைக்கான விலை மட்டும் தெரிகிற மாதிரியும் வைத்தோம். எடைக்குத் தகுந்த விலையைக் காட்ட வூகாமர்ஸிலேயே வழி இருக்கிறது. நவம்பரில் நான் தம்பியிடம் ‘பட்டியலில் தலைப்பு காணோம்’ என்று மட்டும் சொல்லியிருந்தால் அவரும் இதையே செய்திருப்பார். நான் கோளாறைச் சொல்லவில்லை, மருந்தைச் சொன்னேன்.

கணக்கை முழுசாக எழுதிவிடுகிறேன். ரெஸ்பான்சிவை எடுத்ததற்கு 5,500. விளம்பரம் 18,000. திரும்ப வைத்ததற்கு 8,000. ஃப்ராஸ்ட் டீயில் 38 கிலோ தேங்கிவிட்டது. மணம் போய்விடும் என்ற பயத்தில் குன்னூரில் ஒரு கடைக்குக் கிலோ 300-க்குத் தள்ளினேன், கிலோவுக்கு 250 வீதம் 9,500 நஷ்டம். ஆக 41,000. வராமல் போன ஆர்டர்களை இதில் சேர்க்கவில்லை, சேர்த்துப் பார்க்கத் தெம்பு இல்லை. பிப்ரவரி கடைசியில் ஆர்டர் மறுபடி ஏழு, எட்டைத் தொட்டது. ஆனால் அதற்குள் பனிக்காலம் முடிந்திருந்தது.

நிறுத்தவே கூடாது என்று சொல்லமாட்டேன். இப்போதும் என் சைட்டில் ஒரு பக்கத்தில் நிறுத்தித்தான் வைத்திருக்கிறேன். பேக்கிங் பட்டியல். ஆர்டர் எண், பெயர், பின்கோடு, எடை என்று பதினொரு பத்தி. அதைப் பிரிண்ட் எடுக்கும்போது ஏ4 தாளின் அகலத்தைக் குறுகிய திரை என்று நினைத்து, போன் மாதிரியே மடித்து அச்சடித்தது. ஒரு நாள் ஆர்டருக்கு ஒன்பது தாள். அந்தப் பக்கத்தை நானும் உதவிக்கு வரும் பெண்ணும் தவிர யாரும் பார்ப்பதில்லை, அதனால் அதற்கு மட்டும் அசையாத அகலம். அப்படி உங்களுக்கும் ஒரு பக்கம் இருந்தால், வியூபோர்ட் வரியை அழித்துவிட்டுச் சும்மா விடாதீர்கள். வரி இல்லையென்றால் போன் பிரவுசர் தானாக 980 பிக்சல் என்று வைத்துக்கொள்ளும், உங்கள் பக்கம் 1170 என்றால் அளவு ஒத்துப்போகாது. எண்ணை வெளிப்படையாக எழுதி, பக்க அகலத்தையும் அதே எண்ணில் வைத்து, பெரிதாக்கும் வசதியில் மட்டும் கை வைக்காமல் விடச் சொல்லுங்கள்.

மார்ச்சில் மதுரையிலிருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டார். ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், பெரிய டேப்லட் வைத்திருக்கிறாராம். ‘ஏம்மா, டிசம்பர்ல கடை முழுசா ஒரே பக்கத்துல அழகா தெரிஞ்சுச்சு, இப்ப ஏன் துண்டு துண்டா இருக்கு? எனக்கு அதுதான் பிடிச்சிருந்துச்சு’ என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ‘ஐயா, குரோம்ல மேல வலது பக்கம் மூணு புள்ளி இருக்குதுங்களா? அதைத் தொட்டா டெஸ்க்டாப் சைட்னு ஒரு கட்டம் வரும், டிக் பண்ணிப் பாருங்க’ என்றேன். கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. ‘ஆங், வந்துருச்சு. இது எத்தனை நாளா இருக்கு?’ என்றார். ‘ரொம்ப வருஷமா இருக்குதுங்கய்யா’ என்றேன். ஆர்த்தடாக்ஸ் அரைக் கிலோ போட்டார்.